உறையிலிட்ட விடை: குறுக்கெழுத்து, சித்திரகவி, மரக்கால்

1

களத்தில் இரண்டு மரக்கால் இருந்தது என்று என் அப்பாயி சொல்லுவாள். குத்தகை நெல்லை அளந்து வாங்குவதற்கு ஒன்று, கூலி நெல்லை அளந்து போடுவதற்கு இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் மரக்கால்தான். 'சொல்லு ஒண்ணுதான்டா, அளவுதான் ரெண்டு' என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு குறிப்பானுக்கு இரண்டு குறிப்பீடுகள் இருக்க முடியும் என்பதும், எந்தக் குறிப்பீடு எப்போது செல்லும் என்று முடிவு செய்கிற இடத்தில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்றங்காலில் குனிந்து நாற்றுப் பறிக்கும்போது விடுகதை போடுவதில் அவள் கெட்டிக்காரி என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள்.

பேரன் தமிழ் எம்.ஏ. படிக்கப் போனேன். காவிரிக் கரை ஊர் ஒன்றின் கல்லூரி. தண்டியலங்காரம் பாடமாக இருந்தது. பொருளணியியல் முடிந்து சொல்லணியியல் வந்ததும் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிட்டார். 'இதெல்லாம் வித்தை. கேள்வியும் வராது' என்றார். அதே ஆசிரியர் ஓய்வு நேரத்தில் வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துக் கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக்கொண்டிருப்பார். தான் மூடிவைத்த இயலையும் தன் கையிலிருந்த கட்டத்தையும் அவர் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற முயற்சி. அப்பாயியின் மரக்கால் இதற்குள் ஏன் வருகிறது என்பது போகப்போகத் தெரியும்.

2

குறுக்கெழுத்து நம்முடையது இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவில் ஒரு கட்டம் போட்டார். கதை அங்கே தொடங்குகிறது. அமெரிக்கர்களுக்கு அது சொல்லுக்குப் பொருள் கேட்கிற பரீட்சையாக இருந்தது. இங்கிலாந்துக்குப் போனதும் குணம் மாறிற்று. 1926இலிருந்து 'அப்சர்வர்' பத்திரிகையில் டார்க்கெமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் போட்ட புதிர்களில் குறிப்பு நேராகப் பேசுவதில்லை. சொல்லை வெட்டியும் ஒட்டியும் ஒளித்தும் கலைத்தும் பேசும். 1930இல் லண்டன் 'டைம்ஸ்' தன் புதிரைத் தொடங்கியது. டார்க்கெமாடா இறந்த 1939இல் அந்த இடத்துக்கு வந்த சிமெனிஸ் என்ற டெரிக் மக்நட், பிறகு 1966இல் இந்தக் கலைக்கு ஒரு இலக்கணமே எழுதினார். அவர் வகுத்தபடி ஒரு குறிப்பில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, விடையின் பொருள். மற்றது, விடையை எழுத்தெழுத்தாகக் கட்டுகிற வழி. இரண்டும் ஒரே சொல்லில் போய் முட்ட வேண்டும். வெட்டியாக ஒரு சொல்லும் நிற்கக் கூடாது.

இப்போது தண்டியலங்காரத்துக்கு வருவோம். வினாவுத்தரம் என்று ஒரு சித்திரகவி. அதற்கு உரையில் காட்டுகிற உதாரணச் செய்யுள் வரிசையாகக் கேள்வி கேட்கிறது. தாமரையில் இருப்பவள் யார்? திரு. போகிறவனிடம் ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகுக்கு? அம். கடைசிக் கேள்வி, பிறை சூடியவன் உறையும் இடம் எது என்பது. திரு, ஏகு, அம்பு, அம் நான்கும் புணர்ந்தால் திருவேகம்பம். கட்டுகிற வழி முன்னால் வருகிறது, பொருள் கடைசியில் வருகிறது, இரண்டும் ஒரே சொல்லில் முட்டுகின்றன. உதாரணச் செய்யுட்களில் அனபாய சோழன் பெயர் வருவதால் இந்த நூல் 12ஆம் நூற்றாண்டு என்று கணக்கு. ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் துண்டுகளை அப்படியே அடுக்குகிறார்கள். தமிழில் துண்டுகளை ஒட்டுகிற பசை புணர்ச்சி விதி. ஏகு, அம்பு இரண்டின் குற்றியலுகரமும் கெட்டால்தான் விடை கிடைக்கும். நன்னூல் தெரியாதவனுக்கு இந்தக் கதவு திறக்காது.

மற்றவற்றையும் பார்க்கலாம். உதாரணங்களை நானே கட்டியிருக்கிறேன். கட்டிப் பார்த்தால்தான் இவை என்ன செய்கின்றன என்பது பிடிபடுகிறது. அடைப்புக்குள் எழுத்துக் கணக்கு. ஒற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

மாத்திரைச் சுருக்கம் நெடிலைக் குறிலாக்கும். 'தேசம் குறுகியதும் நாற்றுக்காரிக்கு இட்ட கட்டளை (2).' நாடு குறுகினால் நடு. மாத்திரை வருத்தனம் இதைத் திருப்பிப் போடும். 'கடவுள் கொடுத்ததை நீட்டினால் மிராசுதாருக்குப் போகும் பங்கு (3).' வரம் நீண்டால் வாரம். அக்கரச்சுதகம் எழுத்தை உதிர்க்கும். 'தலையிழந்த பட்டணம் கேட்கும் வரி (3).' நகரத்தில் தலையெழுத்து போனால் கரம். திரிபாகி மூன்றெழுத்துச் சொல்லில் நடப்பது. முதலும் கடையும் சேர்ந்தால் ஒரு சொல், இடையும் கடையும் சேர்ந்தால் இன்னொன்று. காவிரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: காரி, விரி. அதே ஆற்றைத் துண்டு சேர்த்தும் கட்டலாம். 'சோலையைப் பரப்பினால் ஆறு வரும் (3).' கா, விரி. இதில் 'ஆறு' என்பதை எண் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர் ஏமாறுவார். ஏமாறட்டும் என்றுதான் அது அங்கே இருக்கிறது. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளிப்பது காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள். அதைச் சொல்லளவில் சுருக்கினால், 'பண்ணையார் வசம் பாதிக்குள் போன பயிர் (3).' வசம், பாதி இரண்டும் தொடுகிற இடத்தில் சம்பா ஒளிந்திருக்கிறது.

'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ராகத்தைப் போதுமான அளவு கேட்டாயிற்று. நான் கேட்பது வேறு. ஒவ்வொரு எழுத்து வேலைக்கும் பெயரும் விதியும் வைத்திருந்த ஒரு மொழியில், குறுக்கெழுத்து வந்து சேர்ந்தபோது அந்தப் பெயர்கள் ஏன் யார் நினைவுக்கும் வரவில்லை?

3

சொல் விளையாட்டு அந்தரத்தில் நடப்பதில்லை. அதற்குச் சோறு வேண்டும். சித்திரகவியின் வரைபடத்தை விரித்தால் நெல் விளைகிற இடமாகவே வருகிறது. திருஞானசம்பந்தர் சீர்காழிக்காரர், திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றைப் பதிகமாகவே பாடியவர். ஒன்றிலிருந்து ஏழு வரை எண்களை ஏற்றி இறக்கித் தேர்போல் அடுக்குகிற எழுகூற்றிருக்கையில் பேர் பெற்றவை மூன்று. சம்பந்தர் பாடியது சீர்காழிக்கு, திருமங்கையாழ்வார் பாடியது குடந்தைக்கு, அருணகிரிநாதர் பாடியது சுவாமிமலைக்கு. மூன்று ஊரும் காவிரி வண்டலில் இருக்கின்றன. பக்தி உரைகாரர்கள் இதற்குத் தலமகிமை சொல்வார்கள். எனக்கு முதலில் தோன்றுவது வேறு. எழுத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிகிறவனுக்குப் பின்னால் கோயிலும் மடமும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஊர் ஊராக நிலம் இருந்தது. அந்த நிலத்தில் அப்பாயியின் முன்னோர்கள் குனிந்துகொண்டிருந்தார்கள்.

15ஆம் நூற்றாண்டுக் காளமேகம் நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரத்தைப் பாடியதாகச் சொல்லப்படும் வெண்பா இந்த உறவைப் பச்சையாகக் காட்டுகிறது. பசியோடு போன புலவருக்குச் சோறு வரத் தாமதம். பொழுது மறையும்போது அரிசி வந்து, ஊர் அடங்கும்போது உலையேறி, ஓர் அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று வசை பாடினார். சத்திரக்காரர் வருந்தினார் என்கிறது கதை. புலவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, படிப்பை மாற்றினார். மறைவது பொழுது இல்லை, பஞ்ச காலத்து அரிசி. அடங்குவது ஊர் இல்லை, ஊரின் பசி. எழுவது வெள்ளி இல்லை, சோற்றின் வெண்மை. வசை வாழ்த்தாயிற்று. ஒரே பிரதி, இரண்டு வாசிப்பு. எந்த வாசிப்பு செல்லும் என்பதைச் சோறு தீர்மானிக்கிறது. மரக்கால் கதைதான், ஆனால் இங்கே இரண்டாவது அளவை எடுப்பவன் புலவன்.

இந்த உலகம் உடைந்த இடத்துக்கு ஆண்டு குறிக்க முடியும். 1880, கும்பகோணம். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் படித்த உ.வே. சாமிநாதையர் அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் தன் பட்டியலை ஒப்பித்தார். முதலியார் அசையவில்லை; சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். என் சரித்திரத்தில் ஐயரே சொல்லும் சம்பவம், எல்லோருக்கும் தெரிந்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்ததற்கு இது முதற்காரணம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். அதே கேள்வி இன்னொன்றையும் செய்தது. யமகமும் திரிபும் பாடி வாழ்ந்த மகாவித்துவான் இறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் படிப்பு முழுவதும் ஒரே மாலையில் செல்லாக்காசாயிற்று. இனி இலக்கியம் என்றால் பழமை, உள்ளடக்கம், சமுதாயச் செய்தி. பாரதி எளிய சொல் கேட்டான். மணிக்கொடிக்காரர்கள் உண்மை உணர்ச்சி கேட்டார்கள். விளையாட்டு என்றாலே சீரழிவு என்ற சமன்பாடு நம் விமரிசனத்தில் அப்படித்தான் இறுகியது. மடத்துக்கும் மிராசுக்கும் எதிராக நின்ற கோபம் அதற்குள் இருந்தது. அது நியாயமான கோபம். ஆனால் கோபத்தில் நாம் தூக்கி எறிந்த மூட்டையில் ஒரு பொருள் இருந்தது. அதை ஒப்பந்தம் என்று அழைக்கலாம் என்று நினைக்கிறேன். அது என்ன என்பது 1930களில் அது இல்லாமல் போனபோதுதான் தெரிகிறது.

4

திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி அதன் ஆசிரியப் பொறுப்புக்கு வந்தார். தமிழ் மத்தியதர வாசகனை உருவாக்கிய இருவரும் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள். 1930களில் அந்த இதழில் வந்த பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பிரபலம். பரிசுப் போட்டிகள் பத்திரிகைகளின் விற்பனையைத் தூக்கிவிட்டன. சூதாட்டம் என்ற கண்டனமும் கூடவே வந்தது. அதே பத்தாண்டில், 1933இல், மணிக்கொடி தொடங்கியது. கும்பகோணத்துப் பிச்சமூர்த்தியும் கு.ப.ரா.வும் அதில் எழுதினார்கள். ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் ஒருபுறம் விளையாட்டை விலக்கிய கலையையும், மறுபுறம் கலையை விலக்கிய விளையாட்டையும் வளர்த்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். கொஞ்சம்தான்.

பரிசுக் குறுக்கெழுத்து எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். கட்டம் பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். ஓரிரண்டு எழுத்து மட்டும் காலி. உதாரணமாக 'ப-ம்' என்று இருக்கிறது. குறிப்பு, 'இது இருந்தால்தான் ஊரில் மதிப்பு.' பணமா? பலமா? பட்டதாரி வீட்டில் கேட்டால் பாடம் என்பார்கள், கட்டம் இடம் கொடுக்காது. பணம், பலம் இரண்டும் பொருந்துகின்றன. எது சரி என்பதற்குக் குறிப்புக்குள் சாட்சி இல்லை. சரியான விடை முன்பே உறையில் முத்திரையிடப்பட்டு எங்கோ பத்திரமாக இருக்கிறது. வாசகன் கட்டணத்தோடு கூப்பனை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வசதியுள்ளவன் பத்துக் கூப்பன் வாங்கிப் பத்து விதமாக நிரப்புவான். மொழி அறிவு ஒரு எல்லை வரை வரும். அதற்குப் பிறகு அதிர்ஷ்டம்.

இது தேசம் முழுவதும் பரவிய பிறகு அரசு விழித்துக்கொண்டது. 1955இன் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே பிடித்தது. மாதம் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது. அதற்குள் நடத்த உரிமம் வேண்டும். 2000 விண்ணப்பங்களுக்கு மேல் வாங்கக் கூடாது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு பத்திரிகையின் மூலம் பெரிய அளவில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா தரப்பு வழக்காடியது. 1957 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. சாரம் இதுதான்: சூது வியாபாரம் ஆகாது, அரசியல் சாசனத்தின் காப்பு அதற்கு இல்லை, கணிசமான அளவு திறனைச் சார்ந்த போட்டியை இந்தச் சட்டம் தொடாது. சூதா, திறனா? மீன்பிடிக்கிற வலை அந்த ஒரு கேள்விதான்.

சட்டத்தின் செல்லுபடியைப் பற்றிய தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். சங்கீதக்காரர்களுக்கு அவரை வேறு விதத்தில் தெரியும். 1944இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் பெரிய பாத்தியதை உள்ளவர். திருவாரூரில் பிறந்த தீட்சிதரின் பல கிருதிகளில் ராகத்தின் பெயர் சாகித்தியத்துக்குள், இரண்டு சொற்கள் தொடுகிற இடத்தில்கூட, ஒளிந்திருக்கும். கரந்துறைதலின் சுகம் தெரிந்த ஒருவர் கையில்தான் குறுக்கெழுத்தின் வழக்கு போய் விழுந்தது. தீர்ப்பு சட்ட மொழியில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இருந்தாலும் அந்தத் தற்செயல் என்னை விடவில்லை.

5

சூதா, திறனா என்ற அதே கேள்வி ஒரு மொழியியலாளரையும் வதைத்திருக்கிறது. அமைப்பியலின் தந்தை என்று நாம் வருடக்கணக்காக மேற்கோள் காட்டிவரும் சசூர், 1906 முதல் 1909 வரை நோட்டு நோட்டாக ஒரு காரியம் செய்தார். லத்தீன் செய்யுள்களில் தெய்வங்கள், வீரர்கள் பெயர்கள் எழுத்தெழுத்தாகச் சிதறி ஒளிந்திருப்பதாகக் கண்டு தேடினார். தேடத்தேட எல்லா இடத்திலும் கிடைத்தது. அதுதான் பயமாகிவிட்டது. கவிஞன் வேண்டுமென்று ஒளித்ததா, மொழியில் எதைத் தேடினாலும் கிடைக்குமா? இத்தாலியக் கவிஞர் பாஸ்கோலிக்கு எழுதிக் கேட்டார்; தெளிவு கிடைக்கவில்லை; நோட்டுகளை மூடிவிட்டார். 1971இல் ஸ்தரோபின்ஸ்கி அவற்றைப் புத்தகமாக்கியபோது, ஆசிரியனின் நோக்கத்தைத் தாண்டிய பிரதி என்று பாரிசில் கொண்டாடினார்கள். நாமும் இங்கே மொழிபெயர்த்துக் கொண்டாடினோம். சசூரின் தவிப்பை விட்டுவிட்டோம். ஒளித்தவனுக்கும் தேடுகிறவனுக்கும் நடுவே ஒப்புக்கொண்ட விதி இல்லாவிட்டால், கண்டுபிடிப்பதற்கும் கற்பித்துக்கொள்வதற்கும் வேறுபாடு இல்லை. அதுதான் அவர் தவிப்பு.

சித்திரகவியின் இலக்கணம் அந்த விதியைத் தந்தது. அதைத்தான் ஒப்பந்தம் என்றேன். எத்தனை எழுத்து, எங்கிருந்து எங்கே, எதை நீக்கலாம், எதை நீட்டலாம் என்று எல்லாம் முன்பே பேசி முடித்தது. சிமெனிஸ் 1966இல் எழுதியதும் ஒப்பந்தம்தான். பேச்சில் ஏமாற்றலாம், எழுத்தில் ஏமாற்றக் கூடாது. பரிசுக் குறுக்கெழுத்து அதைக் கிழித்துவிட்டு உறையைக் கொண்டுவந்தது. மொழியறிஞர்கள் சொல்லணியைப் பரணில் போடாமல் இருந்திருந்தால், 1930களின் வாசகன் 'இந்தக் குறிப்பில் வழி எங்கே?' என்று கேட்டிருப்பான். கேட்பதற்கு அவனிடம் சொல் இல்லாமல் போயிற்று.

ஆனால் சித்திரகவிக்கும் ஓர் உறை இருந்தது. அதன் பெயர் உரை. மாலைமாற்றுப் பதிகத்தை உரைகாரர் பிரித்துக் காட்டாமல் படித்துப் பாருங்கள். எங்கே வெட்டுவது, எந்தச் சொல்லுக்கு எந்த அபூர்வப் பொருள் என்பதெல்லாம் குருவின் மடியில் இருக்கும். மடத்துக்குள் நுழைய முடியாதவனுக்கு விடை கிடையாது. இந்த இடத்தில் அமெரிக்கக் கட்டம் செய்த புதுமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டத்தில் ஒரு விடையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு விடை ஓடுகிறது. இடமிருந்து வலத்தில் தப்பு செய்தால் மேலிருந்து கீழ் காட்டிக்கொடுத்துவிடும். சாட்சி வாசகன் கையிலேயே இருக்கிறது. உரைகாரன் வேண்டாம், உறையும் வேண்டாம். எட்டுக்கு எட்டு அறைகளில் நான்கு திசையிலும் படிக்கிற சருப்பதோபத்திரம் நம்மிடம் இருந்தது. ஆனால் அங்கே எல்லாத் திசையிலும் அதே செய்யுள்தான் திரும்ப வரும். வேறு வேறு சொற்கள் ஒன்றை ஒன்று சோதிக்கிற வேலை அதில் இல்லை.

கட்டத்தைத் தமிழில் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும். 26 எழுத்து இல்லை, 247. உயிரெழுத்து பெரும்பாலும் சொல்லின் முதலில் மட்டுமே வரும். ஆகவே ஓர் அறையில் 'ஆ' விழுந்தால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு சொல்லும் அங்கேயே தொடங்க வேண்டும். மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காது. தொல்காப்பியர் மொழிமுதல் என்றும் மொழியிறுதி என்றும் வகுத்தவை திடீரென்று கட்டடச் சட்டங்களாக வந்து நிற்கின்றன. நம் வாரப் பத்திரிகைகள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டன: வலமிருந்து இடம், கீழிருந்து மேல், அதுவும் போதாவிட்டால் 'கலைந்துள்ளது'. ஆங்கிலக் கட்டத்தில் இப்படிக் கிடையாது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிரித்தவன் நான். இப்போது அப்படித் தோன்றவில்லை. தமிழ் எழுத்தின் நிர்ப்பந்தம், பெயர் மறந்துபோன மாலைமாற்றை அவர்கள் கையால் திரும்ப எழுத வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புகளில் பெரும்பாலும் பொருள் மட்டும்தான் இருக்கிறது. கட்டுகிற வழி இல்லை. வழியும் சேர்ந்த தமிழ்க் குறிப்புகள் 2000க்குப் பிறகு, கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' போன்ற இதழ்களில்தான் தொடர்ந்து வரத் தொடங்கின. கடல் கடந்தவர்களுக்கு ஆங்கிலக் கட்டத்தின் வழியாகத் தண்டி திரும்பக் கிடைத்திருக்கிறார்.

6

அப்பாயிக்கு வருகிறேன். நாற்றங்காலில் விடுகதை போட்டால் என்ன நடக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். ஒருத்தி போடுவாள், மற்றவர்கள் சொல்லிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் போட்டவளே அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததோடு முடியாது. 'அதெப்புடிடி, அதுக்குக் காலு ஏது?' என்று சண்டை வரும். வரிசை முழுவதும் ஒப்புக்கொண்டால்தான் விடை செல்லும். இல்லாவிட்டால் போட்டவள் தோற்றாள். தொல்காப்பியம் பிசி என்று பெயர் சொல்லுகிற வடிவம் இது. இதற்கு உரை இல்லை, உறை இல்லை, பரிசும் இல்லை. குறிப்பைப் போட்டவளே அதற்குப் பொறுப்பு. களத்தில் மரக்கால் எந்த அளவு என்று கேட்க முடியாதவர்கள், வயலில் தங்களுக்குள் அளவு சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள்.

இதை அழகாக்கிச் சொல்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கே உண்டு. விடுகதை கூலியை உயர்த்தவில்லை. சின்ன மரக்காலை மாற்றியது சங்கமும் போராட்டமும்தான்; விளையாட்டு இல்லை. ஆனால் ஒரு சொல்லை வைத்துத் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று கண்டுகொள்ள, சொல் எப்படியெல்லாம் பிரியும் என்று கை பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை மேலே இருந்தவர்கள் அலங்காரம் என்று வைத்துக்கொண்டார்கள், நடுவில் வந்தவர்கள் சீரழிவு என்று கழித்தார்கள், வியாபாரிகள் சூதாக்கினார்கள். எங்கள் கல்லூரியில் அது கேள்வி வராத பகுதி ஆயிற்று.

அந்த இயலை இப்போது நடத்துகிற ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் ஒன்றைச் செய்து பார்க்கலாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், மாணவர்களை ஆளுக்கொரு குறிப்புக் கட்டச் சொல்லுங்கள், மற்றவர்கள் அவிழ்க்கட்டும், பிறகு நாற்றங்கால் வழக்கப்படி சண்டை போடட்டும். என் பங்குக்கு ஒன்று: 'நட்டு வளர்ந்தது நாலில் ஒன்றோடு சேர, கூலி அளந்தது (5).' மரம், கால். மகர ஒற்று கெட்டுக் ககரம் மிகுந்து மரக்கால். எந்த அளவு மரக்கால் என்று கேட்டால், குறிப்பில் அதற்கு வழி இல்லை. அப்பாயியின் வரிசை இதை ஒப்புக்கொள்ளாது என்றே நினைக்கிறேன்.